ஃப்ரில் தைக்கும் முறை: சுருக்கு, மடிப்பு, வட்ட வெட்டு முழு வழிகாட்டி

ஃப்ரில் சரியாக விழவில்லை என்று கொண்டுவந்து காட்டுகிறவர்களின் துணியைப் புரட்டிப் பார்த்தால், தையலில் குறை அனேகமாக இருக்காது. நேராகத்தான் ஓட்டியிருப்பார்கள். ஆனால் ஓரத்தை மடிக்கும் முன்பே சுருக்கியிருப்பார்கள். பங்கு பிரித்து அடையாளம் வைக்காமல் நேராக மெஷினில் வைத்திருப்பார்கள். துணியை அளவு குறைவாக வெட்டியிருப்பார்கள். மெஷினில் உட்காரும் முன்பே ஃப்ரில்லின் தலையெழுத்து பாதி முடிந்துவிடுகிறது. அதனால் இங்கே தையலைவிட வரிசைக்குத்தான் அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

1. எந்த வகை ஃப்ரில் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

பெயர்கள் எத்தனை இருந்தாலும் வகை மூன்றுதான். நேர்ப்பட்டையை நூல் இழுத்துச் சுருக்குவது ஒன்று. நேர்ப்பட்டையை அளந்து மடிப்பு மடிப்பாக வைப்பது இன்னொன்று. வட்டமாக வெட்டி, உள்வட்டத்தை நேராக்கித் தைப்பது மூன்றாவது. மற்றவை எல்லாம் இவற்றின் பிள்ளைகள்.

எதைத் தேர்ந்தெடுப்பது என்பதைத் துணியின் கனமே சொல்லிவிடும். சுருக்கு ஃப்ரில்லில் கூடுதல் துணி முழுவதும் தையல் கோட்டில் வந்து குவியும். மெல்லிய துணிக்கு அது அழகு. தடித்த துணிக்கு அது கயிறு வைத்துத் தைத்ததுபோல உருண்டு நிற்கும். வட்ட ஃப்ரில்லில் தையல் கோடு தட்டையாக இருக்கும், அலை முழுவதும் கீழ் ஓரத்தில் மட்டும் விழும். ஆகவே இடுப்பு, கழுத்து போன்ற பருமன் தெரியக் கூடாத இடங்களுக்கும், கனத்த துணிக்கும் வட்ட வெட்டுதான் பொருந்தும். மடிப்பு ஃப்ரில் இரண்டுக்கும் நடுவே: விறைப்பான, இஸ்திரி நிற்கும் துணி இருந்தால் மட்டும் அதன் பக்கம் போங்கள்.

2. கையில் இருக்க வேண்டியவை

இன்ச் டேப், அடி ஸ்கேல், சாக்பீஸ், குண்டூசிகள், தையல் பிரிக்கும் கருவி, கூர்மையான கத்தரி, இஸ்திரிப் பெட்டி. இவற்றோடு துணியின் நிறத்துக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு நூலும் வேண்டும். சுருக்குத் தையலின் கீழ் நூலாக அதைப் போட்டால், எதை இழுப்பது, பிறகு எதைப் பிரிப்பது என்ற குழப்பம் வராது. இது பாலியெஸ்டர் நூலாக இருக்கட்டும். பருத்தி நூல் இழுக்கும்போது பாதியில் அறுந்தால், அந்தப் பகுதியை விரித்து மறுபடி தைக்க வேண்டியிருக்கும்.

ஊசி: ஷிஃபான், ஜார்ஜெட் போன்ற மெல்லிய துணிக்கு 9 அல்லது 11. சாதாரணப் பருத்திக்கு 14. பனியன் துணிக்கு முனை உருண்ட ஊசி. மழுங்கிய ஊசி மெல்லிய துணியின் இழையைப் பிடித்து இழுத்துவிடும். அந்தக் கோடு இஸ்திரி போட்டாலும் போகாது.

சுருங்கும் துணியாக இருந்தால் வெட்டும் முன் நனைத்துக் காயவைத்து இஸ்திரி போட்டுவிடுங்கள். உடையும் ஃப்ரில்லும் வெவ்வேறு துணி என்றால் இது கட்டாயம். ஒன்று சுருங்கி மற்றொன்று சுருங்காவிட்டால் முதல் துவைப்பிலேயே தையல் கோடு இழுத்துக்கொள்ளும்.

3. துணிக் கணக்கு

சுருக்கு ஃப்ரில்லுக்கு வெட்ட வேண்டிய நீளம், பொருத்தப்போகும் இடத்தின் நீளத்தைப்போல எத்தனை மடங்கு என்பதே கணக்கு. லேசான சுருக்குக்கு ஒன்றரை மடங்கு. சாதாரணப் பருத்திக்கு இரண்டு. ஷிஃபான், நெட் போன்றவற்றுக்கு இரண்டரை முதல் மூன்று மடங்கு, ஏனென்றால் மெல்லிய துணி சுருக்கும்போது ஒன்றுமில்லாமல் ஒடுங்கிவிடும். தடித்த துணியில் ஒன்றரையைத் தாண்ட வேண்டாம்.

இந்த எண்களை அப்படியே நம்பாதீர்கள். அதே துணியில் 12 இன்ச் துண்டு ஒன்றை எடுத்து, சுருக்குத் தையல் ஓட்டி, கண்ணுக்குப் பிடிக்கும்வரை இழுங்கள். பிறகு அளந்து பாருங்கள். 6 இன்ச்சுக்கு வந்து நின்றால் இரண்டு மடங்கு, 8-க்கு நின்றால் ஒன்றரை. ஐந்து நிமிட வேலைதான். துணி போதாமல் போன பிறகு தெரிந்துகொள்வதைவிட இது மேல்.

ஓர் உதாரணம். கவுனின் அடிச்சுற்று 40 இன்ச், ஃப்ரில் உயரம் 4 இன்ச், இரண்டு மடங்கு. தேவையான நீளம் 80 இன்ச். துணியின் அகலம் 44 இன்ச் என்றால் இரண்டு பக்கக் கரையையும் (நெய்யும்போதே வந்த ஓரப் பட்டை) நீக்கிய பின் 42 கிடைக்கும். இரண்டு பட்டை 84 இன்ச். இரண்டு இணைப்புக்கும் சேர்த்து 2 இன்ச் போனால் 82. போதும்.

பட்டையின் உயரம்: 4 இன்ச், மேலே மார்ஜின் (தையலுக்காக விடும் கூடுதல் துணி) அரை இன்ச், கீழே ஓரம் மடிக்க அரை இன்ச், மொத்தம் 5. ஆக இரண்டு பட்டைக்கு 10 இன்ச் துணி. புதிதாகத் தைக்கிறவர்கள் அனேகமாக இந்த மார்ஜினை மறந்து 4 இன்ச்சாகவே வெட்டிவிட்டு, முடிவில் 3 இன்ச் ஃப்ரில்லோடு நிற்கிறார்கள்.

4. வெட்டுதல்

நேர்ப்பட்டையைத் துணியின் அகலவாக்கில், ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு வெட்டுங்கள். அப்போது கரைக்கு இணையாக ஓடும் உறுதியான பாவு நூல் ஃப்ரில்லில் மேலிருந்து கீழாக நிற்கும். சுருக்கு மடிப்புகள் நேராகத் தொங்கும். துணியை மிச்சப்படுத்தவோ இணைப்பைத் தவிர்க்கவோ நீளவாக்கில் வெட்டினால் ஃப்ரில் சற்று விறைத்துக்கொண்டு பக்கவாட்டில் தள்ளி நிற்கும்.

மூலைவாட்டில், அதாவது கிராஸாக வெட்டிய பட்டை மிக மென்மையாக விழும். அதன் ஓரம் சீக்கிரம் நூல் பிரியாது என்பதால் சில துணிகளில் மடிக்காமலே விடலாம். ஆனால் துணி அதிகம் செலவாகும், கையாளும்போது இழுபடும். முதல் ஃப்ரில்லுக்கு இது வேண்டாம்.

கரையை ஃப்ரில்லின் ஓரமாகவே வைத்துவிடலாமா என்று கேட்பார்கள். கரை மற்ற இடத்தைவிட இறுக்கமாக நெய்யப்பட்டிருக்கும். துவைத்த பிறகு அது மட்டும் இழுத்துக்கொள்ள வாய்ப்பு உண்டு. வெட்டி எறிவதே நல்லது.

5. இணைப்பு, ஓரம்: இரண்டும் சுருக்குவதற்கு முன்

பட்டைகளை முதலில் இணையுங்கள். அடிச்சுற்றுபோல முழுச் சுற்றாகப் போகும் ஃப்ரில் என்றால் வளையமாக மூடிவிடுங்கள். கழுத்தின் முன்பக்கம்போல இரு முனையும் திறந்திருக்கும் ஃப்ரில் என்றால் அந்த இரண்டு முனைகளின் ஓரத்தையும் மடித்துவிடுங்கள். மெல்லிய துணியில் உள்பக்கம் வெளியே தெரியும். ஓவர்லாக் (ஓரத்து நூல் பிரியாமல் சுற்றிப் போடும் தையல்) போட்ட இணைப்பு கறுப்புக் கோடுபோல நிற்கும். அங்கே இணைப்பை உள்ளே மூடித் தைக்கும் ஃபிரெஞ்ச் தையல் போடுங்கள்: முதலில் உள்பக்கம் சேர்த்து மெல்லிதாக ஒரு தையல், திருப்பி நல்ல பக்கம் சேர்த்து இன்னொரு தையல்.

அடுத்து கீழ் ஓரம். கால் இன்ச் மடித்து இஸ்திரி, மறுபடி கால் இன்ச் மடித்து இஸ்திரி, பிறகு தையல். ஷிஃபானுக்குப் பீகோ (ஓரத்தை மெல்லிதாகச் சுற்றி முடிக்கும் நெருக்கமான மெஷின் தையல்) போட்டால் ஓரம் இலேசாக விழும். எந்த முறையானாலும் இது சுருக்குவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். தட்டையாகக் கிடக்கும் 80 இன்ச் பட்டையில் ஓரம் தைப்பது ஒரே ஓட்டு. சுருக்கிய பிறகு அதே ஓரத்தைத் தைத்தால் ஒவ்வொரு இன்ச்சிலும் மடிப்பு மடிப்பைக் கடிக்கும், கோடு வளைந்துபோகும்.

6. சுருக்குத் தையல்

தையல் நீளத்தை மெஷினில் உள்ள பெரிய எண்ணுக்கு மாற்றுங்கள். 4 முதல் 5 வரை. மேல் நூலின் டென்ஷனை, அதாவது இறுக்கத்தை, ஒன்றிரண்டு எண் தளர்த்துங்கள். தளர்த்தினால் கீழ் நூல் துணியின் அடியில் நேராகப் படுத்திருக்கும், இழுக்கும்போது வழுக்கிக்கொண்டு வரும். மறந்தால் இரண்டு நூலும் பின்னிக்கொண்டு நகர மறுக்கும்.

ஒரு வரி போதாது, இரண்டு வரி வேண்டும். மார்ஜின் அரை இன்ச் என்றால் மேல் ஓரத்திலிருந்து ⅜ இன்ச்சில் ஒன்று, ⅝ இன்ச்சில் ஒன்று. உண்மையான தையல் இரண்டுக்கும் நடுவே போகும். ஒரே வரியில் இழுத்தால் சுருக்கு அந்தக் கோட்டைச் சுற்றித் திருகிக்கொள்ளும். இரண்டு வரியில் இழுத்தால் மடிப்புகள் செங்குத்தாக, ஒன்றன் பக்கத்தில் ஒன்றாகப் படுக்கும். நேரமில்லை என்று பலரும் விட்டுவிடும் படி இது. விட்டவரின் ஃப்ரில்லையும் விடாதவரின் ஃப்ரில்லையும் பக்கத்தில் வைத்தால் பார்த்தவுடனே தெரியும்.

சாட்டின், பட்டுபோல ஊசித் துளை அழியாத துணியில் ⅝ இன்ச் வரி வெளியே தெரிந்துவிடும். அவற்றுக்கு இரண்டு வரியையும் மார்ஜினுக்குள்ளேயே, ¼ இன்ச்சிலும் ⅜ இன்ச்சிலும் ஓட்டுங்கள்.

தொடக்கத்திலும் முடிவிலும் ரிவர்ஸ் (பின்னோக்கித் தைத்து இறுக்குவது) போடக் கூடாது. இரு முனையிலும் 4 இன்ச் நூல் தொங்கட்டும். நீளமான பட்டையை ஒரே ஓட்டாக ஓட்டாமல் ஏறக்குறைய 24 இன்ச்சுக்கு ஒரு முறை நிறுத்தி, நூல் விட்டு, புதிதாகத் தொடங்குங்கள். இணைப்புத் தையல் வரும் இடத்திலும் நிறுத்துங்கள். அந்தத் தடிப்பைத் தாண்டி நூல் இழுபடாது.

கனத்த துணிக்கும் மிக நீளமான பட்டைக்கும் இன்னொரு வழி உண்டு. மார்ஜினில் வலுவான கனமான நூல் ஒன்றைப் படுக்கவைத்து, அதன் மேல் அகலமான ஜிக்ஜாக் ஓட்டுங்கள். ஊசி அந்த நூலைக் குத்தாமல் இருபுறமும் தாண்டிப்போக வேண்டும். பிறகு அந்தக் கனத்த நூலை இழுத்தால் அது கால்வாயில் ஓடுவதுபோலத் துணிக்குள் ஓடும், அறுந்துபோகும் பயமே இல்லை.

7. பங்கு பிரித்து இழுத்தல்

ஃப்ரில் பட்டையை நான்காக மடித்து ஒவ்வொரு மடிப்பிலும் சாக்பீஸ் அடையாளம் வையுங்கள். உடையின் அடிச்சுற்றையும் அதேபோல நான்காகப் பிரியுங்கள். இரண்டும் நீளமாக இருந்தால் எட்டு. 80 இன்ச் பட்டையில் ஒவ்வொரு கால் பங்கும் 20 இன்ச். அது உடையில் 10 இன்ச்சுக்குள் அடங்க வேண்டும். இப்போது வேலை 80 இன்ச்சை 40 இன்ச்சுக்குள் திணிப்பது அல்ல, 20-ஐ 10-க்குள் வைப்பது. கண்ணுக்கும் கைக்கும் அது எட்டும்.

உடையின் பக்கத் தையலை வைத்தே நான்கு பங்கைக் கணக்கிட்டுவிடாதீர்கள். பல உடைகளில் முன்பாகமும் பின்பாகமும் ஒரே அகலமாக இருக்காது. அளந்து பிரியுங்கள்.

நல்ல பக்கமும் நல்ல பக்கமும் சேர, நான்கு அடையாளங்களையும் முதலில் குண்டூசியால் இணையுங்கள். பிறகு இரண்டு வரியின் கீழ் நூல்களையும் சேர்த்துப் பிடித்து மெல்ல இழுங்கள். இடது கை நூலைப் பிடித்திருக்க, வலது கையின் பெருவிரலும் ஆள்காட்டி விரலும் துணியை நூலின் மேல் தள்ளிக்கொண்டே போக வேண்டும். ஒரு முனையிலிருந்து பாதிவரை, மறு முனையிலிருந்து மீதிப் பாதி. ஒரே முனையிலிருந்து எல்லாவற்றையும் இழுத்தால்தான் நூல் அறும்.

அளவு சரியாக வந்ததும் நூல் முனையைக் குண்டூசியில் 8 வடிவில் சுற்றிவிடுங்கள். முடிச்சுப் போட வேண்டாம், பின்னால் சரிசெய்ய நேரலாம். இனி ஊசி முனையால் சுருக்குகளைத் தள்ளித் தள்ளிச் சமப்படுத்துங்கள். ஓரிடத்தில் குவிந்தும் அடுத்த இடத்தில் வெறுமையாகவும் இருந்தால் இப்போதுதான் சரிசெய்ய முடியும், தைத்த பிறகு முடியாது. இரண்டு இன்ச்சுக்கு ஒரு குண்டூசி, தையல் கோட்டுக்குக் குறுக்காக.

8. உடையில் பொருத்துதல்

தையல் நீளத்தை 2.5-க்கும் டென்ஷனைப் பழைய எண்ணுக்கும் மாற்றுங்கள். இதை மறந்து நீளத் தையலிலேயே பொருத்திவிட்டு, ஒரே துவைப்பில் ஃப்ரில் கழன்றுவிட்டது என்று வருகிறவர்கள் நிறைய.

ஃப்ரில் மேலே, உடை அடியில். மெஷினின் பற்கள் தட்டையான துணியைத் தள்ளட்டும். சுருக்கு உங்கள் கண்ணுக்குத் தெரியட்டும். இரண்டு கை விரல்களாலும் பிரஷர் ஃபுட்டின் (ஊசிக்குக் கீழே துணியை அழுத்தும் பாதம்) இருபுறமும் துணியை இலேசாகப் பிடித்து, சுருக்குகள் கோட்டுக்குச் செங்குத்தாக உள்ளே போகிறதா என்று பார்த்துக்கொண்டே மெதுவாக ஓட்டுங்கள். பிரஷர் ஃபுட் மேல் துணியை முன்னால் தள்ளிக்கொண்டே வரும். கவனிக்காவிட்டால் சுருக்குகள் எல்லாம் ஒருபக்கமாகச் சாய்ந்துவிடும். குண்டூசிகளை ஊசி நெருங்கும் முன்பே எடுத்துவிடுங்கள், ஓட்டிக்கொண்டே தாண்டலாம் என்று நினைக்க வேண்டாம்.

தைத்ததும் மார்ஜினுக்கு ஓவர்லாக் போடும் முன் ஒருமுறை நல்ல பக்கம் திருப்பிப் பாருங்கள். எங்காவது மடிப்பு மாட்டியிருந்தால் அந்த இரண்டு இன்ச்சை மட்டும் பிரித்து மறுபடி தைத்தால் போதும். திருப்தி என்றால் ⅝ இன்ச் வரியை உருவிவிடுங்கள்.

மார்ஜினை உடைப் பக்கம் திருப்பி இஸ்திரி போட்டு, உடையின் நல்ல பக்கத்தில் தையலுக்கு ⅛ இன்ச் மேலே ஒரு தையல் ஓட்டினால் ஃப்ரில் எப்போதும் கீழ்நோக்கியே விழும். இஸ்திரியின் முனை மட்டும் சுருக்குக்குள் போய் வரட்டும். முழுப் பெட்டியையும் ஃப்ரில் மேல் அழுத்தினால் இவ்வளவு பாடுபட்டுச் செய்த சுருக்கு அப்பளமாகிவிடும்.

காலரின் மூலைபோல வெளிப்பக்கம் வளையும் இடங்களில் சமமான சுருக்கு போதாது. ஃப்ரில்லின் வெளி ஓரம் அங்கே அதிகத் தூரம் சுற்ற வேண்டியிருப்பதால், மூலையில் சுருக்கைக் கூட்டி வையுங்கள். இல்லாவிட்டால் ஓரம் கிண்ணம்போல மேலே வளையும்.

9. வட்ட ஃப்ரில்

குழப்பம் அதிகம் வருவதும் கணக்கு அதிகம் வேண்டுவதும் இதில்தான். ஆனால் சுருக்குவதே கிடையாது என்பதால், கணக்கைத் தாண்டிவிட்டால் வேகமாக முடியும்.

உள்வட்டத்தின் சுற்றளவுதான் உடையில் தைக்கும் நீளம். சுற்றளவை 6.28-ஆல் வகுத்தால் ஆரம் கிடைக்கும். 20 இன்ச் நீளத்துக்கு ஒரே வட்டம் என்று வைத்துக்கொள்வோம். வட்டத்தை ஓரிடத்தில் வெட்டித் திறக்கும்போது அந்த இரு முனைகளுக்கும் அரை அரை இன்ச் வேண்டும், ஆக 21. 6.28-ஆல் வகுத்தால் சுமார் 3⅜. இது தையல் கோடு.

இப்போது கவனம். வெட்ட வேண்டிய கோடு 3⅜ அல்ல, அதிலிருந்து மார்ஜின் அரை இன்ச்சைக் கழித்து 2⅞. மார்ஜின் என்றால் கூட்டித்தான் பழக்கம் என்பதால் புதியவர்கள் இங்கேயும் கூட்டிவிடுகிறார்கள். உள்வட்டத்தில் துணி ஓட்டையின் உள்பக்கம் நீள வேண்டும். ஓட்டை சின்னதாக வேண்டும். கூட்டி வெட்டினால் மார்ஜின் இல்லாமல் போவதோடு ஓட்டையும் பெரிதாகி, ஃப்ரில்லின் உள் ஓரம் உடையைவிட நீளமாகிவிடும். அதைத் திருத்த வழியில்லை.

வெளிவட்டத்துக்கு ஃப்ரில்லின் அகலத்தைக் கூட்டுங்கள். 5 இன்ச் ஃப்ரில் என்றால் 3⅜ + 5 = 8⅜. ஓரம் மடிக்க ⅜ சேர்த்தால் 8¾. ஆக 17½ இன்ச் சதுரத் துணி வேண்டும். துணியை நான்காக மடித்து, மடிப்புகள் சேரும் மூலையில் டேப்பின் முனையை வைத்து 2⅞-க்கு ஒரு வளைவும் 8¾-க்கு ஒரு வளைவும் புள்ளி புள்ளியாக வரைந்து வெட்டுங்கள். பிறகு கரைக்கு இணையாக ஓரிடத்தில் வெட்டித் திறந்துவிடுங்கள்.

அலை இன்னும் நிறைய வேண்டுமா? ஆரத்தைக் குறையுங்கள், வட்டத்தைக் கூட்டுங்கள். அதே 20 இன்ச்சுக்கு இரண்டு வட்டம் போட்டால் ஒவ்வொன்றும் 10 இன்ச், முனைக்கு 1 சேர்த்து 11, ஆரம் 1¾. ஒரு வட்டத்தில் கீழ் ஓரம் சுமார் 51½ இன்ச் வரும். இரண்டு வட்டத்தில் சுமார் 83. தையல் கோட்டின் நீளம் மாறவே இல்லை, ஓரத்தின் அலை மட்டும் ஏறிவிட்டது.

வெட்டியபின் வரிசை இதுதான். இரண்டு வட்டம் என்றால் முதலில் இணையுங்கள். உள்வட்டத்தில் மார்ஜினுக்குள், தையல் கோட்டுக்கு ⅛ இன்ச் முன்பாக ஒரு சாதாரணத் தையல் ஓட்டுங்கள். வளைவு இழுபடாமல் அது காக்கும். பிறகு அந்தத் தையல்வரை அரை இன்ச்சுக்கு ஒரு நறுக்கு கொடுங்கள். நறுக்கினால்தான் வளைவு விரிந்து நேர்க்கோடாகும். நறுக்காமல் பொருத்தினால் உடையில் சின்னச் சின்னச் சுருக்கம் விழும். தையலைத் தாண்டி நறுக்கிவிட்டால் ஓட்டைதான்.

ஃப்ரில் மேலே இருக்க, உடையில் பொருத்தித் தையுங்கள். ஓரத்தை இப்போதே மடிக்காதீர்கள். வட்டத்தில் சில இடங்கள் நேர் நூலிலும் சில இடங்கள் கிராஸிலும் விழும். கிராஸில் விழும் இடம் தன் எடைக்கே தொய்ந்து நீளும். ஓர் இரவு ஹேங்கரில் தொங்கவிட்டு, நீண்ட இடங்களைச் சமமாக வெட்டிய பின் ஓரத்துக்கு வாருங்கள். சுருக்கு ஃப்ரில்லுக்கு ஓரம் முதலில் என்று சொன்னேன். வட்ட ஃப்ரில்லுக்கு அது கடைசி.

வளைந்த ஓரத்தை அகலமாக மடிக்க முடியாது, திருகிக்கொள்ளும். ஓரத்திலிருந்து ¼ இன்ச்சில் ஒரு தையல் ஓட்டி, அந்தத் தையலிலேயே உள்பக்கம் மடித்து, மடிப்பை ஒட்டி இன்னொரு தையல் போடுங்கள். மிஞ்சிய துணியைத் தையலை ஒட்டி நறுக்கிவிட்டு, மறுபடி ⅛ மடித்து முடித்தையல். மூன்று ஓட்டு என்றாலும் ஓரம் மெல்லிதாக, திருகாமல் வரும். பீகோ போடுவதாக இருந்தால் ⅜ இன்ச் விடாமல் அதற்கேற்பக் குறைத்துக்கொள்ளுங்கள்.

10. மடிப்பு ஃப்ரில்

எல்லா மடிப்பும் ஒரே பக்கம் சாயும் வகைக்கு மூன்று மடங்கு துணி வேண்டும். 20 இன்ச்சுக்கு 60, முனைகளுக்கு 1 சேர்த்து 61. ஓரத்தை முதலில் மடித்து இஸ்திரி போட்டுவிட்டு அடையாளம் வையுங்கள்: ஒரு புள்ளி, அதிலிருந்து 2 இன்ச்சில் இரண்டாவது, அதிலிருந்து 1 இன்ச்சில் அடுத்த மடிப்பின் முதல் புள்ளி. முதல் புள்ளியை மடித்து இரண்டாவதன் மேல் வைத்தால் 1 இன்ச் மடிப்பு. இரண்டு மடிப்பு எதிரெதிராகச் சாய்ந்தால் பாக்ஸ் ப்ளீட். அதற்கும் மூன்று மடங்குதான்.

இங்கே சின்னப் பிழை சேர்ந்து பெரிதாகும். ஒவ்வொரு மடிப்பிலும் 1/16 இன்ச் தவறினால் 20 மடிப்பில் 1¼ இன்ச் போய்விடும். கண்ணளவு வேண்டாம், ஒரு அட்டையில் 2, 1 என்று குறித்துக்கொண்டு அதை வைத்தே அடையாளம் போடுங்கள். கடைசியில் கொஞ்சம் கூடியோ குறைந்தோ வந்தால் அதை ஒரே மடிப்பில் தீர்க்காமல் ஐந்தாறு மடிப்பில் பகிர்ந்துவிடுங்கள்.

மார்ஜினில் நீளத் தையல் ஓட்டி மடிப்புகளை நிறுத்திய பின் இஸ்திரி, அதன் பிறகே பொருத்துதல். பாலியெஸ்டர் சூட்டில் பிடித்த மடிப்பை விடாது. பருத்தி ஒவ்வொரு துவைப்புக்கும் இஸ்திரி கேட்கும்; அன்றாடம் போடும் குழந்தை உடைக்கு நான் அதைப் பரிந்துரைப்பதில்லை.

11. இன்னும் சில வகைகள்

இரட்டைத் துணி ஃப்ரில்: ஓரம் மடிக்கும் வேலையே இல்லை. 3 இன்ச் ஃப்ரில்லுக்கு 7 இன்ச் பட்டை வெட்டி, நல்ல பக்கம் வெளியே தெரிய இரண்டாக மடித்து, திறந்த பக்கம் சுருக்குங்கள். உள்பக்கம் வெளுத்திருக்கும் அச்சுத் துணிக்கு இது அருமை. தடித்த துணிக்கு வேண்டாம்.

நடுச் சுருக்கு: பட்டையின் இரு ஓரமும் முடித்து, நடுவிலோ மேலிருந்து மூன்றில் ஒரு பங்கிலோ இரண்டு சுருக்கு வரி ஓட்டி, இழுத்து, உடையின் மேலேயே வைத்து வரிகளுக்கு நடுவே தைத்துவிடலாம். உடையில் முன்கூட்டியே சாக்பீஸ் கோடு போடாவிட்டால் வளைந்துபோகும்.

சிப்பி ஃப்ரில்: இரு ஓரமும் முடித்த குறுகிய பட்டையில் கையால் வளைந்து வளைந்து ஓட்டுத் தையல் போட்டு இழுத்தால் இருபுறமும் இதழ் இதழாக வரும். 1½ இன்ச் பட்டையில் வளைவின் முனைகளுக்கு இடையே 1½ முதல் 2 இன்ச் போதும். ஒவ்வொரு முனையிலும் நூல் ஓரத்தைச் சுற்றி வர வேண்டும், இல்லாவிட்டால் இதழ் பிரியாது.

பனியன் துணியில் அலை ஓரம்: சுருக்கவே வேண்டாம். துணி இழுபடும் திசை ஓரத்தோடு போகும்படி வெட்டி, நெருக்கமான ஜிக்ஜாக்கோ ஓவர்லாக்கோ போடும்போது துணியை முன்னும் பின்னும் இழுத்துப் பிடியுங்கள். விட்டதும் ஓரம் அலையாகச் சுருண்டுகொள்ளும். ஊசியை வளைக்கும் அளவுக்கு இழுக்க வேண்டாம்.

12. அடுக்கு ஃப்ரில்

இரண்டு விதம் உண்டு. ஒன்றோடு ஒன்று தொடரும் அடுக்குப் பாவாடையில் ஒவ்வொரு அடுக்கும் மேலுள்ளதைப்போல ஒன்றரை மடங்கு: 40, 60, 90. உயரத்தைச் சமமாகப் பிரிப்பதைவிடக் கீழே போகப்போகக் கூட்டினால் பார்க்க நன்றாக இருக்கும். 36 இன்ச் பாவாடைக்கு 8, 12, 16. ஒவ்வொன்றுக்கும் மேலும் கீழும் மார்ஜினைத் தனியாகக் கூட்டிக்கொள்ளுங்கள். இங்கே ஓரம் மடிப்பது கடைசி அடுக்குக்கு மட்டும்.

மற்றது, ஓர் அடித்துணியின் மேல் ஃப்ரில்களை வரிசையாகத் தைப்பது. அடித்துணி தட்டையாக இருக்கும்போதே எல்லாக் கோடுகளையும் வரைந்துவிட்டு, தைக்கும்போது அடியிலிருந்து மேலே வாருங்கள். மேலிருந்து தொடங்கினால் தைத்து முடித்த ஃப்ரில் ஒவ்வொரு முறையும் ஊசிக்கடியில் வந்து விழும். கோடுகளின் இடைவெளி ஃப்ரில்லின் உயரத்தைவிட ஒரு இன்ச்சாவது குறைவாக இருந்தால்தான் கீழ் அடுக்கின் தையல் மறையும். ஃப்ரில்லைத் தலைகீழாக, நல்ல பக்கம் அடித்துணியைப் பார்க்க வைத்துத் தைத்து, பிறகு கீழே மடக்கிவிடுங்கள். மார்ஜின் தானாக உள்ளே போய்விடும்.

13. தவறினால் என்ன செய்வது

இழுக்கும் நூல் அறுந்தால் முழுவதையும் பிரிக்க வேண்டாம். அறுந்த பகுதியின் அடையாளத்திலிருந்து அடுத்த அடையாளம்வரை மட்டும் சுருக்கை விரித்து, இரண்டு வரியையும் மறுபடி ஓட்டுங்கள்.

நூல் நகரவே இல்லை என்றால் டென்ஷன் தளரவில்லை, அல்லது தையல் நீளம் போதவில்லை. பலமாக இழுத்துப் பார்க்காதீர்கள்.

ஃப்ரில் நீளம் மிஞ்சினால் சுருக்கைக் கூட்டிவிடலாம். போதாமல் போனால் இன்னொரு துண்டை இணையுங்கள். இரண்டு மடங்கு சுருக்குக்குள் இணைப்பு கண்ணில் படாது. ஒரே ஒரு நிபந்தனை: இணைப்பு முன்பக்கத்தின் நடுவில் வராமல் பக்கத் தையலுக்கு அருகே வரும்படி வளையத்தைத் திருப்பி வைத்துக்கொள்ளுங்கள்.

தடித்த மார்ஜின் உடலில் உறுத்தினால் ஃப்ரில் பக்கத்து மார்ஜினை மட்டும் ¼ இன்ச்சாகக் குறைத்து, உடைப் பக்கத்து மார்ஜினை அதன் மேல் மடித்துத் தைத்து மூடிவிடுங்கள். சின்னக் குழந்தைகளின் கழுத்து, கை ஃப்ரில்களுக்கு ஓவர்லாக்கைவிட இதையே செய்யுங்கள்.